வேக்குவம் ரெசிட்யூவைச் சூடாக்கினால் ஆஸ்பால்டீன் கூடுகிறது, ஏன்?

எச்சம்540 கேட்டது:

பாஸ்ரா ஹெவி கச்சா எண்ணெயின் வேக்குவம் ரெசிட்யூ, 540 டிகிரிக்கு மேல் கொதிக்கும் பகுதி. 50 மில்லி ஸ்டீல் குழாய் ரியாக்டரில் 15 கிராம் போட்டு, நைட்ரஜனால் காற்றை வெளியேற்றி மூடி, சூடான மணல் தொட்டியில் இறக்கிச் சோதனை செய்கிறேன். 400, 415, 430 டிகிரி (எல்லாம் செல்சியஸ்), ஒவ்வொன்றிலும் 20 நிமிடம், 40 நிமிடம். நேரம் முடிந்ததும் ரியாக்டரைத் தண்ணீரில் அமுக்கி நிறுத்துகிறேன்.

பாகுத்தன்மை எதிர்பார்த்தபடி எல்லாவற்றிலும் குறைந்தது. ஆனால் ஹெப்டேனில் பிரித்தெடுத்த ஆஸ்பால்டீன், சூடு ஏற ஏறக் கூடிக்கொண்டே போகிறது. 430-இல் 40 நிமிடம் வைத்ததில் டொலுவீனிலும் கரையாத கறுப்புத் திடப்பொருள் கணிசமாக வந்துவிட்டது. 400/40, 415/20 இரண்டும் எடுத்தபோது தெளிவாக இருந்தன. 90 டிகிரி அவனில் ஒரு வாரம் வைத்த பிறகு அடியில் சேறு. பாகுத்தன்மையை இன்னும் குறைக்க 415/20 மாதிரியில் நேரடி வடிப்பு டீசல் சேர்த்துப் பார்த்தேன், சேறு அதிகமாகிவிட்டது.

சூடு பெரிய மூலக்கூற்றை உடைத்துச் சிறிதாக்குகிறது என்றால் ஆஸ்பால்டீன் குறையத்தானே வேண்டும்? எந்தப் பிணைப்பு முதலில் அறுகிறது? டீசல் ஏன் உதவாமல் கெடுக்கிறது? எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று எதை அளந்து முடிவு செய்வது?

கரிமவேதி:

ஆஸ்பால்டீன் என்பது கரைதிறனை வைத்துச் சூட்டிய பெயர். ஹெப்டேனில் கரையாது, டொலுவீனில் கரையும், இலக்கணம் அவ்வளவுதான். மூலக்கூறு பெரியதா சிறியதா என்று அந்தச் சோதனை கேட்பதே இல்லை. பழைய பாடநூல்களில் ஆஸ்பால்டீனின் மூலக்கூறு எடை பல ஆயிரம் என்று இருக்கும். ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்த திரளை எடைபோட்டதால் வந்த எண்கள் அவை. தனி மூலக்கூற்றின் எடை பெரும்பாலும் 500 முதல் 1,000 வரை, சராசரி 750-ஐ ஒட்டி. நடுவில் ஆறேழு வளையங்கள் சேர்ந்த தட்டையான அரோமேட்டிக் கரு, அதைச் சுற்றி அல்கைல் பக்கச் சங்கிலிகள், இடையிடையே கந்தகம், நைட்ரஜன். சிலவற்றில் சிறுசிறு கருக்கள் பாலம் போட்டு இணைந்திருக்கும். ஆகவே ஒரு மூலக்கூறு உடைந்து சிறிதான பிறகும் ஹெப்டேனில் கரையாமல் இருக்கலாம். உங்கள் ரியாக்டரில் நடந்தது அதுதான்.

பிணைப்பு வலிமையைப் பார்த்தால் வரிசை புரிந்துவிடும். அல்கைல் சங்கிலியில் கார்பன்–கார்பன் பிணைப்பை அறுக்க ஏறக்குறைய 350 கிலோஜூல்/மோல் தேவை. சல்பைடில் கார்பன்–கந்தகத்துக்கு 300-ஐ ஒட்டியே போதும். இரண்டு பென்சைல் கார்பன்களை இணைக்கும் எத்திலீன் பாலம் போன்ற இடத்தில் அது 270 வரை இறங்கும், ஏனென்றால் அறுந்த பிறகு வரும் ரேடிக்கலை (இணையில்லா எலக்ட்ரான் உள்ள துண்டு) வளையம் தாங்கிக்கொள்கிறது. இரண்டு வளையங்களை நேரடியாக இணைக்கும் பிணைப்புக்கு 480 வேண்டும். அரோமேட்டிக் வளையத்தையே பிளக்க 500-க்கு மேல். 400 முதல் 500 டிகிரி வரையிலான வெறும் சூட்டுக்கு வளையம் பிளக்காது. பிளக்க வேண்டுமானால் முதலில் ஹைட்ரஜன் ஏற்றி நாஃப்தீன் (இரட்டைப் பிணைப்பில்லாத கார்பன் வளையம்) ஆக்க வேண்டும், அதற்கு வினையூக்கி வேண்டும்.

ஆகவே முதலில் போவது சல்பைடுகள், பென்சைல் பாலங்கள். அங்கே பிறக்கும் ரேடிக்கல்கள் பக்கத்து மூலக்கூற்றிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்கும். ஹைட்ரஜனை இழந்த மூலக்கூறு, ரேடிக்கல் கார்பனுக்கு அடுத்த கார்பனை விட்டு அதற்கடுத்த பிணைப்பில் அறுந்து, ஒரு ஆல்கீனையும் இன்னொரு சிறிய ரேடிக்கலையும் விடும். அந்த ரேடிக்கல் அடுத்த ஆளைப் பிடிக்கும். சங்கிலி வினை இப்படித்தான் ஓடுகிறது. பக்கச் சங்கிலி பெரும்பாலும் வளையத்தை ஒட்டிய முதல் கார்பனுக்கும் இரண்டாம் கார்பனுக்கும் நடுவில் அறுகிறது; கருவில் மெத்தில் குச்சி மட்டும் மிஞ்சும். நாஃப்தீன் வளையங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்துவிட்டு அரோமேட்டிக் ஆகிவிடும். சல்பைடு கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகப் போகும், தயோஃபீன் கந்தகம் கருவிலேயே தங்கும். வனேடியமும் நிக்கலும் எங்கும் போகாது. கடைசியில் கோக்கில்தான் (டொலுவீனிலும் கரையாத கறுப்புத் திடப்பொருள்) தேடிப் பிடிக்க வேண்டும்.

இதை ஹைட்ரஜன் கணக்காகப் பார்ப்பது நல்லது. 100 கிராம் ரெசிட்யூவில் 10.3 கிராம் ஹைட்ரஜன் என்று வைப்போம். அதிலிருந்து 7 கிராம் வாயுவும் நாஃப்தாவும் பிரிகின்றன, அவற்றில் ஹைட்ரஜன் 15 சதவீதம். ஆக 1.05 கிராம் போய்விட்டது. மீதி 93 கிராமில் 9.25 கிராம், அதாவது 9.95 சதவீதம். சராசரியில் சின்ன இறக்கம்தான். ஆனால் அந்த இழப்பு எல்லார் மீதும் சமமாக விழுவதில்லை, கருக்களின் மீது குவிகிறது. ஆஸ்பால்டீனின் ஹைட்ரஜன்/கார்பன் அணு விகிதம் தொடக்கத்தில் 1.1 முதல் 1.2 வரை இருக்கும். கடுமையாகச் சூடாக்கினால் 0.9-க்கும் கீழே வந்துவிடும். வெளியே இருந்து ஹைட்ரஜன் வராத வரை, லேசான பகுதிக்குப் போகும் ஒவ்வொரு அணுவுக்கும் யாரோ ஒருவர் கடனாளி ஆகிறார்.

இனி உங்கள் முதல் கேள்வி. ஆஸ்பால்டீன் இரண்டு வழியில் கூடுகிறது. நேற்று வரை ரெசினாக (ஆஸ்பால்டீனைப் போன்றது, ஆனால் ஹெப்டேனில் கரையும்) இருந்த மூலக்கூறு, பக்கச் சங்கிலியை இழந்ததும் ஹெப்டேனில் கரையாமல் ஆஸ்பால்டீன் கணக்கில் சேர்கிறது. பெரிய அரோமேட்டிக்குகளில் சிலவும் அப்படியே. இதுபோக, பிறந்த ஆல்கீன்கள் கருவிலிருக்கும் ரேடிக்கல்களோடு கூடிப் பெரிய மூலக்கூறுகளையும் உண்டாக்குகின்றன. குறைந்த கடுமையில் முதல் வழிதான் ஓங்கி நிற்கும் என்பது என் கணிப்பு.

கரைபொருள் இப்படிக் கெடும்போது கரைப்பானும் கெடுகிறது. கருவைத் தாங்கிப் பிடித்திருந்த ரெசின் குறைகிறது. சாச்சுரேட்டுகள் (அரோமேட்டிக் வளையம் இல்லாத ஹைட்ரோகார்பன்கள்) அறுந்து, ஆஸ்பால்டீனோடு ஒட்டாத லேசான பாரஃபின்கள் கூடுகின்றன. ஒரு கட்டத்தில் கரு தாங்க ஆளில்லாமல் தனி நிலையாகப் பிரியும். பிரிந்த துளிக்குள் ஹைட்ரஜன் கொடுப்பவர் யாரும் இல்லை, கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து டொலுவீனிலும் கரையாத கோக் ஆகிவிடும். இந்த விளக்கத்தை 1993-இல் ஐர்வின் வீஹே கணக்காகவே எழுதிக் காட்டினார். முழு ரெசிட்யூவைச் சூடாக்கினால் கோக் தோன்றக் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆஸ்பால்டீனை மட்டும் பிரித்தெடுத்துச் சூடாக்கினால் அந்தத் தாமதமே கிடையாது. தாங்குபவர் இருந்தால் தாமதம், இல்லாவிட்டால் உடனே கோக்.

சோக்கர்_ட்ரம்:

மேலே சொன்ன வேதியியலோடு எனக்கு முழு உடன்பாடு. எங்கே நிறுத்துவது என்பதற்கு மட்டும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் ஆறு சோதனைகளையும் ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவாருங்கள். கிளர்வுகொள் ஆற்றல் 220 கிலோஜூல்/மோல் என்று எடுத்துக்கொண்டால், இந்த வெப்பநிலைகளில் 12, 13 டிகிரி ஏறினாலே வேகம் இரட்டிப்பாகும். 427 டிகிரியில் ஒரு நிமிடத்தை 1 என்று வைத்தால், 400-இல் ஒரு நிமிடம் 0.22, 415-இல் 0.52, 430-இல் 1.18. அப்படியானால்:

400/20 என்பது 427-இல் 4.4 நிமிடம்
400/40 என்பது 8.8
415/20 என்பது 10.3
415/40 என்பது 20.7
430/20 என்பது 23.5
430/40 என்பது 47

இப்போது பாருங்கள், 400/40-உம் 415/20-உம் ஏன் ஒரே மாதிரி நடந்துகொண்டன என்பது தெரியும். 430/40 பதம் தாண்டியது என்பதும் தெரியும். ஒரு எச்சரிக்கை: மணல் தொட்டியின் வெப்பநிலை எண்ணெயின் வெப்பநிலை இல்லை. குழாய் சூடேற மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். எண்ணெய்க்குள்ளேயே தெர்மோகப்பிள் வைத்து, பத்து வினாடிக்கு ஒருமுறை பதிவு செய்து, ஒவ்வொரு துண்டுக்கும் மேலே சொன்ன பெருக்கெண்ணைப் போட்டுக் கூட்டுங்கள். 20 நிமிடச் சோதனையில் ஐந்து நிமிடத்தைத் தவறாக எண்ணினால் பாகுத்தன்மை வரைபடம் வளைந்து நெளிந்து வரும், காரணமும் பிடிபடாது.

பாகுத்தன்மையை வைத்து நிறுத்தாதீர்கள். அது எல்லை தாண்டிய பிறகும் இறங்கிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை எதுவும் தராது. விஸ்பிரேக்கர் (ரெசிட்யூவை மிதமாகச் சூடாக்கிப் பாகுத்தன்மையைக் குறைக்கும் யூனிட்) ஓட்டுபவர்கள் பார்ப்பது பி-வேல்யூ, அதாவது ஆஸ்பால்டீன் திரளாமல் எண்ணெய் எவ்வளவு பாரஃபினைத் தாங்கும் என்ற அளவு. செய்முறை எளிது. ஏழெட்டுக் கூம்புக் குடுவைகளில் தலா 5 கிராம் மாதிரி. முதல் குடுவையில் எதுவும் வேண்டாம், அடுத்ததில் 0.25 மில்லி சீட்டேன், அதற்கடுத்ததில் 0.5, இப்படிக் கால் கால் மில்லியாக ஏற்றுங்கள். சீட்டேன் என்பது என்-ஹெக்ஸாடெக்கேன். மூடி, 100 டிகிரியில் அரை மணி நேரம், நடுநடுவே குலுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கு உருப்பெருக்கத்தில் பாருங்கள். வலை போலத் திரள் தெரிந்தால் அந்தக் குடுவை தோற்றது. 0.75 மில்லியில் தெளிவு, 1 மில்லியில் திரள் என்றால், தாங்கியது கிராமுக்கு 0.15 மில்லி, பி-வேல்யூ 1.15. சீட்டேனே சேர்க்காத முதல் குடுவையிலேயே திரள் தெரிந்தால் அந்த எண்ணெய் ஏற்கெனவே உடைந்துவிட்டது, 1-க்கும் கீழே. விஸ்பிரேக்கர் அடிப்பொருளை 1.15-க்குக் கீழே விடாமல் வைத்துக்கொள்வது நல்லது. சேமிப்பிலும் கலவையிலும் அது இன்னும் குறையும்.

கூடவே சூடான வடிகட்டல் சோதனையும் செய்யுங்கள். கப்பல் எரிபொருளுக்கான ஐஎஸ்ஓ 8217 தரத்தில் மொத்தப் படிவு எடையில் 0.10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. 100 டிகிரியில் 24 மணி நேரம் பழக்கிய பிறகு வடிகட்டும் முறைதான் உங்களுக்குப் பொருந்தும். எடுத்த உடனே வடிகட்டினால் 415/20 தேறிவிடும், ஒரு வாரம் கழித்துத்தான் உண்மை முகம் தெரியும். இதைத்தானே உங்கள் அவன் காட்டியது.

டீசல் விஷயம். ஆஸ்பால்டீனுக்குப் பிடித்த கரைப்பான் அரோமேட்டிக். கரைதிறன் அளவுரு ஹெப்டேனுக்கு 15.3, டொலுவீனுக்கு 18.2, ஆஸ்பால்டீனுக்கு ஏறக்குறைய 20 (மெகாபாஸ்கலின் வர்க்கமூலம்). நேரடி வடிப்பு டீசலில் பாரஃபின் அதிகம், அது ஹெப்டேன் பக்கம் நிற்கும் ஆள். நீங்கள் டீசல் ஊற்றியது, தெரியாமலேயே பி-வேல்யூ சோதனையை ஒரு முழுக் குடுவையில் செய்து பார்த்தது போலத்தான். பாகுத்தன்மை குறைக்க வேண்டுமானால் எஃப்சிசி (வினையூக்கியால் கனமான எண்ணெயை உடைக்கும்) யூனிட்டின் சைக்கிள் ஆயில் அல்லது அடியில் வரும் கிளாரிஃபைடு ஆயில் போன்ற அரோமேட்டிக் எண்ணெயைச் சேருங்கள். பாரஃபினும் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் அரோமேட்டிக்கை முதலில் கலக்கி, சூடாக இருக்கும்போதே, பிறகு மற்றதை மெல்லச் சேர்க்க வேண்டும். ஒரு முறை திரண்ட ஆஸ்பால்டீனைப் பிறகு நல்ல கரைப்பான் ஊற்றி முழுவதுமாகக் கரைத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

ரியாக்டரைத் திறக்கும் இடம் பற்றி யாரும் சொல்லவில்லை. 15 கிராமில் 5 சதவீதம் கந்தகம் என்றால் 0.75 கிராம். அதில் பத்தில் ஒரு பங்கு ஹைட்ரஜன் சல்பைடானால்கூட அறை வெப்பநிலையில் 56 மில்லி வாயு. ஒரு கன மீட்டர் காற்றில் அது கலந்தால் 56 பிபிஎம். 100 பிபிஎம்மை எட்டினால் மூக்கு மரத்துவிடும், வாசனை இல்லை என்று நினைத்துக் குனிந்து பார்ப்பவர்தான் விழுவார். ஃப்யூம் ஹூட்டுக்குள் வைத்து, வாயுவைக் காஸ்டிக் சோடா கரைசல் வழியாக மெல்ல விட்டு, லெட் அசிடேட் தாள் கறுக்காமல் இருப்பதைப் பார்த்த பிறகே மூடியைக் கழற்றுங்கள். 10 பிபிஎம்மில் ஒலிக்கும் மானிட்டர் சட்டையில் இருக்கட்டும்.

எச்சம்540:

மிக்க நன்றி, இருவருக்கும். தெர்மோகப்பிள் குழாயின் வெளிச்சுவரில்தான் இருந்தது, மாற்றிவிடுகிறேன். மூன்று துணைக் கேள்விகள். 430/40-இல் வந்த கறுப்புப் பொருள் கோக்தானா, இல்லை கச்சாவோடு வந்த உப்பும் துருவுமா? நைட்ரஜனுக்குப் பதில் ஹைட்ரஜனை 100 பார் ஏற்றினால் இந்தக் கடன் தீருமா? அப்புறம், 475, 490 டிகிரியில் ஓடும் யூனிட்டுகள் உடனே அடைத்துக்கொள்ளாமல் எப்படி ஓடுகின்றன?

கரிமவேதி:

கறுப்புப் பொருளுக்கு: சூடான டொலுவீனால் வடிநீர் நிறமற்று வரும் வரை கழுவி, 105 டிகிரியில் காயவைத்து எடை போடுங்கள். பிறகு பீங்கான் குடுவையில் 775 டிகிரியில் எரித்துச் சாம்பலை நிறுங்கள். எரிந்து போனது கோக், மிஞ்சியது உப்பு, துரு, உலோகங்கள். எரிப்பதற்கு முன் ஒரு சிட்டிகையைப் பிசினில் பதித்து, மெருகேற்றி, துருவமாக்கிய ஒளியில் மைக்ராஸ்கோப்பில் பார்க்கத் தவறாதீர்கள். கருக்கள் தட்டுத் தட்டாக அடுக்கி நிற்கும் மீசோஃபேஸ் உருண்டைகள் நிறம் மாறி மாறி மின்னும். 1965-இல் ப்ரூக்ஸும் டெய்லரும் விவரித்த அதே உருண்டைகள். கிராஃபைட்டாகக்கூடிய கார்பனின் பிள்ளைப் பருவம் அது. பார்க்கவே அழகான காட்சி.

ஹைட்ரஜனுக்கு: வெறும் வாயுவாக 100 பார் ஏற்றினால் கொஞ்சம்தான் உதவும், ஏனென்றால் ஹைட்ரஜன் மூலக்கூற்றின் பிணைப்பே 436 கிலோஜூல்/மோல், ரேடிக்கலுக்கு அது எளிதான இரை இல்லை. டெட்ராலின் நல்ல வழங்கி. ஒரு மூலக்கூறு நாஃப்தலீனாக மாறும்போது நான்கு ஹைட்ரஜன் அணுக்களைக் கொடுக்கும், எடையில் 3 சதவீதம். ரெசிட்யூவும் டெட்ராலினும் சம எடையில் போட்டு 430/40-ஐத் திரும்பச் செய்து பாருங்கள், திடப்பொருள் வெகுவாகக் குறையும். ஆனால் இதில் ஒரு பகுதி டெட்ராலின் நல்ல அரோமேட்டிக் கரைப்பான் என்பதால் வருவது. இரண்டையும் பிரித்தறிய, ஹைட்ரஜன் கொடுக்காத 1-மெத்தில்நாஃப்தலீனை வைத்து ஒரு இணைச் சோதனை செய்யுங்கள். உண்மையான தீர்வு மாலிப்டினம் சல்பைடு போன்ற வினையூக்கியை எண்ணெயிலேயே நுண்ணிய துகளாகப் பரப்பி, 150 பார் அளவில் ஹைட்ரஜன் கொடுப்பது. ஸ்லரி ஹைட்ரோகிராக்கிங் யூனிட்டுகள் அப்படித்தான் ஓடுகின்றன. அங்கும் பிணைப்பை அறுப்பது சூடுதான்; வினையூக்கி செய்வது அறுந்த முனைகளுக்கு ஹைட்ரஜன் போட்டு மூடும் வேலை.

அவுட்லெட்475:

மூன்றாவது கேள்விக்கு: நேரம்தான் காரணம். 475-இல் ஒரு நிமிடம் என்பது 427-இல் 11 நிமிடம். காயில் வகை விஸ்பிரேக்கரில் (வினை ஃபர்னஸ் குழாயிலேயே நடக்கும்) ஃபர்னஸ் அவுட்லெட் 460 முதல் 490 வரை, உள்ளே இருக்கும் நேரம் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம். வெளியே வந்த கையோடு குளிர்ந்த கேஸ் ஆயில் அடித்து வினையை நிறுத்திவிடுவார்கள். சோக்கர் வகையில் (ஃபர்னஸுக்குப் பிறகு ஒரு டிரம்மில் எண்ணெய் தங்கும்) 430 முதல் 450, அதற்கேற்பக் கூடுதல் நேரம். வேக்குவம் கோபுரத்தின் அடியைக் குளிர்ந்த ரெசிட்யூவைத் திருப்பி விட்டு 350-ஐ ஒட்டி வைப்பதும் இதே பயத்தில்தான். அங்கே எண்ணெய் நிமிடக்கணக்கில் தேங்கி நிற்கும்.

கனமான எண்ணெயை வேண்டுமென்றே கோக்காக்கும் டிலேய்டு கோக்கர், கரிமவேதி சொன்ன அந்தத் தாமதத்தை வைத்தே பிழைக்கிறது. எண்ணெய் ஃபர்னஸ் குழாய்களை 485 முதல் 505 டிகிரியில் வேகமாகக் கடந்து, கோக் பிறப்பதற்குள் டிரம்முக்குப் போய்விடுகிறது. பெயரே அதைத்தான் சொல்கிறது. டிரம்மில் வெளியிலிருந்து சூடு கிடையாது. வினை வெப்பத்தை உறிஞ்சுவதால் மேலே வரும் ஆவி 430, 440 டிகிரிக்கு இறங்கிவிடும். 16 முதல் 24 மணி நேரம் நிரப்பி, பக்கத்து டிரம்முக்கு மாற்றி, நிரம்பியதை நீராவியாலும் தண்ணீராலும் ஆற்றி, உயர் அழுத்தத் தண்ணீரால் கோக்கை வெட்டி எடுப்பார்கள்.

குழாயில் அடைப்பு வருவது மொத்த எண்ணெயின் வெப்பநிலையால் அல்ல, சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தால். நடுவில் 480 இருக்கும்போது சுவரில் அதைவிடப் பல பத்து டிகிரி கூடுதல், ஓட்டமும் அங்கே மந்தம். வெப்பமும் நேரமும் இரண்டும் கூடுகிற இடம் அது ஒன்றுதான். அதனால்தான் குழாய்க்குள் நீராவியோ கொதிகலன் தண்ணீரோ செலுத்தி வேகத்தைக் கூட்டுகிறார்கள். கோக் படிந்தால் முதலில் குழாய் உலோக வெப்பநிலை ஏறும், பிறகு அழுத்த இழப்பு ஏறும். இரண்டையும் தினமும் ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் அடைப்பு வரும் தேதியைக்கூட முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரே ஒரு பாஸில் (ஃபர்னஸுக்குள் இணையாக ஓடும் குழாய் வழிகளில் ஒன்று) மட்டும் ஏறினால் பர்னர் சுடர் குழாயைத் தொடுகிறதா என்று பாருங்கள். எல்லாப் பாஸ்களிலும் ஒன்றாக ஏறினால் டிசால்டரை (கச்சாவிலிருந்து உப்பை நீக்கும் யூனிட்) பாருங்கள். சோடியம் கோக் படிவதைத் துரிதப்படுத்தும். ஃபீடில் 15 முதல் 20 பிபிஎம்முக்குள் வைப்பது வழக்கம், கச்சாவில் காஸ்டிக் கூடுதலாகச் செலுத்தினால் அந்த எண் சத்தமில்லாமல் ஏறிவிடும்.

உங்கள் குழாய் ரியாக்டரிலும் இதே சுவர்ப் பிரச்சினை உண்டு. கலக்காமல் நிற்க வைத்தால் சுவரில் முதலில் கோக் வரும், உங்கள் ஆஸ்பால்டீன் கணக்கு நடுவிலிருந்த எண்ணெயை மட்டும் காட்டும். உள்ளே இரண்டு ஸ்டீல் குண்டுகளைப் போட்டு நிமிடத்துக்கு 150 முறையாவது ஆட்டுங்கள். முடிந்ததும் சுவரை டொலுவீனால் கழுவிய நீரையும் வடிகட்டிக் கணக்கில் சேருங்கள். போட்ட 15 கிராமுக்கு வாயு, திரவம், திடப்பொருள் மூன்றும் சேர்ந்து 97 சதவீதத்துக்குக் குறைவாக வந்தால் அந்தச் சோதனையின் எண்களை ஒதுக்கிவிட்டுத் திரும்பச் செய்யுங்கள்.